கணக்கு டீச்சர் வாங்கிய பி.டி. பீரியட்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. ஆனால் போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் பூங்கோதை வாராவாரம் அதை பி.டி. சாரிடமிருந்து வாங்கிவிடுவார். விளையாட்டு அறையில் பந்தும் ஸ்கிப்பிங் கயிறும் தூசி பிடித்துக் கிடந்தன.

இன்றும் வாசலில் அதே குரல்: "சார், இந்த பீரியட் எனக்கு வேணும்."

"போச்சு!" என்றது பந்து.

கதவு திறந்தது. டீச்சரின் கை நேராகக் கயிற்றைப் பிடித்தது.

"என்னைத்தான்! என்னைத்தான் எடுக்கிறாங்க!" என்று கயிறு கூவியது.

டீச்சரின் கைப்பையில் தலைவலி மாத்திரையோடு கிடந்த சிவப்புப் பேனா பதறியது. "டீச்சர், நாற்பது பேப்பர் திருத்தணும்!"

டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்தில் குதிக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் சுற்றி நின்று கத்தி எண்ணினார்கள். இருபத்தேழில் கயிறு காலில் சிக்கியது.

"முப்பத்தைந்துகூட வரலை. ஃபெயில்!" என்றது பேனா.

"அட போடா!" என்று கயிறு மறுபடி சுழன்றது. அறுபதைத் தாண்டியதும் டீச்சர் மூச்சு வாங்க, விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், அடுத்த வெள்ளியும் இந்த பீரியட் எனக்குத்தான்!"

முதல் தடவையாக ஒரு பிள்ளையும் முணுமுணுக்கவில்லை.