எனக்குத் தெரியும்

விபத்தில் மௌத்தான துணை விமானி ஜவ்பரின் குரலை மனைவி பரீதா அடையாளம் சொல்வதற்காக, விசாரணை அதிகாரி கல்முனைக்குடியிலுள்ள அவள் வீட்டுக்கு விமானி அறையின் ஒலிநாடாவைக் கொண்டுவந்து போட்டார்.

"உயரம் குறையுது சேர்," என்றான் ஜவ்பர்.

"எனக்குத் தெரியும்," என்றார் தலைமை விமானி.

பிறகு ஜவ்பர் பேசவில்லை. மலையில் மோதும் சத்தம்தான் கேட்டது.

பரீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டிலும் அவள் வாப்பா பிழையாகச் சொன்னாலும் மருமகன் ஜவ்பர் தலையாட்டுவதுதான் வழக்கம்.

"மரியாதையா பெரிசு? வாயத் தொறங்களேன்!" என்று நாடாவைப் பார்த்துக் கத்தினாள்.

"இனித் துணை விமானிமாருக்குத் தலைமை விமானியை மறித்துச் சொல்லப் பயிற்சி குடுக்கிறாங்க," என்றார் அதிகாரி.

"மௌத்தானவருக்கா குடுக்கப்போறீங்க? திரும்பப் போடுங்க."

போட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார் தலைமை விமானி.

அடுத்து, நாடாவிலிருந்து பரீதாவின் குரல் கத்தியது: "வாயத் தொறங்களேன்!"

"சும்மா இரி புள்ள," என்றான் ஜவ்பர். "சேர் கோவிப்பார்."