ஓடி ஒளிய இடம்

ஜெசிந்தாவின் மகன் ஆல்வின் ஃபைட்டர் மீன் கேட்டிருந்தான். அவளுடைய புதுக் கணவரின் மகள் தர்ஷிகா கப்பி மீன் கேட்டிருந்தாள். இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாமா என்று மீன் கடைக்காரரிடம் நான்காவது முறையாகக் கேட்டாள் ஜெசிந்தா.

“வேணாம்மா. ஃபைட்டரு கப்பியோட வாலைக் கடிச்சுக் குதறிடும்.”

“போகப் போகப் பழகிடாதாண்ணே? எப்படியாச்சும் சேந்து இருக்கணும்ணே.”

கடைக்காரர் கைவலையைக் கீழே வைத்தார். “அப்ப நிறைய செடி வைங்க, உடைஞ்ச பானை வைங்க. துரத்துனா ஓடி ஒளிய இடம் வேணும்ல. தொட்டி எவ்வளவு பெருசும்மா?”

காலையில் கையில் ஆல்வினின் பல் தடத்தோடு பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்த தர்ஷிகா, ஜெசிந்தா கடைக்குக் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

“ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு,” என்றாள் ஜெசிந்தா. “அவ்வளவுதாண்ணே.”