காற்று கட்சி மாறிய காலை

அவள் மிதிக்கவில்லை. சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு கால்களையும் பெடலின் மேல் சும்மா வைத்திருந்தாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

பிடரியில் குளிர்காற்று.

பிடரியில்! இத்தனை மாதமும் காற்று முகத்தில்தானே அடித்தது.

ஆனியில் தொடங்கிப் புரட்டாசி முடிய, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் மேல்காற்று, பணகுடியிலிருந்து மேற்கே மில் வேலைக்குப் போகிறவர்களை வழியிலேயே மறித்துக்கொள்ளும். அவளோடு கிளம்பிய காகம் ஒன்று, பறந்து பறந்து பார்த்துவிட்டு, ஒரு புளியமரத்தைத் தாண்ட முடியாமல், இறங்கி நடந்து போனது. கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ஆடியில் ஒருநாள் எரிச்சல் தாங்காமல் காற்றை ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை பின்னால் பறந்து போய்ப் பணகுடிச் சந்தையில் யாரோ ஒருத்தியின் காதில் விழுந்தது. அங்கே இரண்டு குடும்பங்களுக்குள் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

இதையெல்லாம் மில்லில் யார் நம்புகிறார்கள்?

மேஸ்திரி தாணுலிங்கம் நம்பவில்லை. அவருக்கு மோட்டார் சைக்கிள்.

"காத்து காத்துன்னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவ? நாளைக்குச் சங்கு ஊதி முடியதுக்குள்ள கேட்டுக்கு உள்ள இருக்கணும். இல்லேன்னா உன் மெஷின்ல வேற ஒருத்தி நிப்பா."

நேற்று சொன்னது.

நேற்று ராத்திரி பார்த்துத்தான் குளிர் வந்தது. மின்விசிறி வேண்டியிராத முதல் ராத்திரி. தூக்கம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. விழித்தபோது தெருவில் ஒரு சைக்கிள் மிச்சமில்லை, அவளுடையதைத் தவிர.

வேலை போயிற்று என்றுதான் ஏறி உட்கார்ந்தாள். ஆடிக்காற்றுக்கு மிதிக்கிற மிதியை மிதித்தாள். அவள் கால்களுக்கு வேறு மிதி தெரியாது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை.

நேற்றுவரை முதுகைக் காட்டிக்கொண்டிருந்த காற்றாலைகள் இன்று வரிசையாக அவளுக்கு முகம் கொடுத்து நின்றன.

காற்று திரும்பிவிட்டது.

டவுன் பஸ்ஸைத் தாண்டினாள். கண்டக்டர் பதறிப்போய் விசில் அடித்தார். பஸ் நின்றது. அவள் நிற்கவில்லை.

அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள். காதில் பஞ்சு, பஞ்சின் மேல் மப்ளர், சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாள். குளிருக்குப் பயந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார் தாணுலிங்கம்.

"யாரது, பெரம்மசத்தியா? ஏ, நில்லு!"

"நிக்க முடியல, சார்!"

பிரம்மசக்திக்குத் திமிர் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நிற்க அவளுக்கும் ஆசைதான். பிரேக் கட்டைகள் உடன்குடியில் இருந்தன. ஆவணியில் அங்கிருந்து வந்த நாத்தனாருக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். காற்றுக் காலத்தில் அவளுக்கு அவை எதற்கு? போகும்போது மிதிப்பதை விட்டால் போதும், காற்றே நெஞ்சில் கைவைத்து நிறுத்திவிடும். வரும்போது மோதி நிற்க வீட்டு வாசலில் வைக்கோற்போர் இருந்தது.

காற்று இப்படிக் கட்சி மாறும் என்று யார் கண்டது?

வருஷா வருஷம் மாறுகிறதுதான். வருஷா வருஷம் எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

சங்கு ஊத ஆரம்பித்தது.

மில் கேட் தெரிந்தது. வாச்மேன் எஸ்தாக்கி ஒரு கதவைச் சாத்திவிட்டு, அடுத்த கதவில் கைவைத்திருந்தார்.

அவளைப் பார்த்தார்.

கதவை விட்டார். சிலுவை போட்டுக்கொண்டார். ஒதுங்கினார்.

அவள் உள்ளே போனாள்.

உள்ளே போய், இன்னும் உள்ளே போய், கேன்டீனைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கழிவுப் பஞ்சுக் குவியலுக்குள் போய் மறைந்தாள்.

எல்லாம் வெள்ளை. சங்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சங்கு நின்றது.

பெண்கள் ஓடிவந்தார்கள்.

"ஏட்டி, உசுரோட இருக்கியா?"

பஞ்சுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் தூக்குவாளி.

ரசம் ஒரு சொட்டு சிந்தவில்லை.

யாரோ ஒருத்தி குலவை போட்டாள். பிறகு எல்லோரும் போட்டார்கள். மில்லில் அதற்கு முன் குலவை கேட்டதில்லை. மெஷின்களே ஒரு நொடி தயங்கியதாகச் சொல்கிறார்கள்.

தாணுலிங்கம் வந்து சேர்ந்தார். காதிலிருந்த பஞ்சை எடுத்தார். அவளைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். கடைசியில் சொல்ல ஒன்று அகப்பட்டது.

"சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்லா? அப்போ இது எதிர்காத்து. பாத்துக்கோ."

அது உண்மைதான்.

சாயங்காலம் பணகுடிச் சாலையில் காற்று குளிரக் குளிர எதிரே வந்தது. மற்றவர்கள் சீட்டிலிருந்து எழுந்து, குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்கள்.

அவள் இறங்கிவிட்டாள்.

ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி நடந்தாள். தலையில் மிச்சமிருந்த பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் காற்றில் விட்டாள்.

வீட்டுக்குக் கேட் கிடையாது. சங்கும் கிடையாது.

புருஷன் இருந்தான். இந்நேரம் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

தை முடிய இதே காற்றுதான்.

அதற்குள் அரிசிப் பானையைக் கண்டுபிடித்துவிடுவான்.