எல்லாம் அடக்கம்

“சிரிக்காதே” என்றார் அவர், மறுபடியும். “கிளம்பும்போதே சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்.”

நீச்சல் குளத்தோரம் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த மனைவி உதட்டை இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் உடம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெண்மணி அவரை முறைத்தாள். விடுமுறைக்கு வந்த இடத்தில் பெண்டாட்டி சிரிக்கக்கூடாதாம், என்ன மனுஷனோ என்றிருந்தது அந்தப் பார்வை.

விளக்கம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. அவர் புகைப்படக் கலைஞர். தங்குவது, தின்பது, குடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் இந்த மாதிரி விடுதிகளைத்தான் பல வருஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே துண்டைப் போட்டு இடம்பிடித்த நாற்காலிகள். தட்டில் மலையாகக் குவித்துவிட்டுப் பாதியில் எழுந்துபோன சாப்பாடு. ஒலிபெருக்கியின் அதட்டலுக்குத் தண்ணீருக்குள் நின்று கையைத் தூக்கும் கூட்டம். சந்தோஷத்தை மொத்த விலைக்கு வாங்கிவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் முகங்கள்.

கண்காட்சிக்கு ‘எல்லாம் அடக்கம்’ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. நடுச்சுவருக்கு ஒரு பெரிய படம்தான் குறை.

முன்பின் தெரியாதவர்களை அவ்வளவு கிட்டத்தில் போய் எடுக்க முடியாது. அதனால் அந்தப் படத்துக்கு மனைவிதான் சுற்றுலாப் பயணி. ஆனால் கேமராவைத் தூக்கியதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இறக்கினால் போய்விடும். ஒவ்வொரு விடுதியிலும் இதே கதை. இவளுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது என்று நண்பர்களிடம் சொல்லிச் சலித்துக்கொள்வார். கண்காட்சிக்கூடத்தை நடத்தும் அம்மாளும், உங்கள் மனைவி நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறாரே, இதை எப்படி மாட்டுவது என்று கேட்டுவிட்டார்.

கடைசி நாள் காலையில் மனைவி ஒன்று கேட்டாள். “இன்னிக்கு ஒரு நாள் கேமராவ ரூம்லயே வச்சுட்டு வாங்களேன். பீச்ல சும்மா நடந்துட்டு வரலாம்.”

அவருக்கும் உடம்பு ஓய்ந்துதான் போயிருந்தது. ஆனாலும் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஊருக்குப் போய் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். அவள் வற்புறுத்தவில்லை. குளத்தோரம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மத்தியானம் கேமராவைக் கண்ணில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வரவில்லை. மணிக்கட்டில் விடுதிக்காரர்கள் மாட்டிவிட்ட பட்டை, பக்கத்தில் ஐஸ் கரைந்து வெளிறிப்போன பானம், எதையும் பார்க்காத கண்கள். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்துத் தள்ளினார்.

நின்ற இடத்திலிருந்தே படத்தைக் கண்காட்சிக்கூடத்துக்கு அனுப்பினார். சாயங்காலம் கூடத்து அம்மாளே ஃபோனில் கூப்பிட்டார். நடுச்சுவர் இதற்குத்தான், இந்த ஒரு முகம் போதும், மற்ற படங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

வருஷக்கணக்கான அலுப்பு தோளிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது அவருக்கு. லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறி அறைக்கு ஓடினார். கட்டில்மேல் பெட்டியைத் திறந்துவைத்து மனைவி துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடையவை மட்டும். அவருடைய சட்டைகள் அலமாரியிலேயே தொங்கின. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. கூடத்து அம்மாள் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

“இத்தனை வருஷமா வராத நடிப்பு, இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?”

அவள் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“இன்னிக்குத்தாங்க நான் நடிக்கல.”