வலது கால் ஷூ

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மேசன் லாட்ஜ் என்ற ரகசியச் சங்கக் கட்டடத்துக்கு அந்த மலையூர் ஜனங்கள் வைத்த பெயர் தலைவெட்டிக் கோயில். உள்ளே நடப்பதை உறுப்பினர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. சொன்னவர் ஒருவர்தான், அந்தக் காலத்துப் போஸ்ட்மாஸ்டர். பனியில் கால் தவறிப் பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்று முடிவானது. பிணத்தின் ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது.

போன வாரம் அந்தச் சங்கத்தில் சேர்ந்த ரங்கதுரைக்குக் காய்ச்சல் விடவில்லை. பார்க்க வந்த டாக்டர் கருணாகரனிடம் அவன் மனைவி சுலோசனா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

"தூக்கத்துல ஒரே பினாத்தல் டாக்டர். கண்ணைக் கட்டினாங்களாம். கழுத்துல கயிறு போட்டாங்களாம். ஒரு கால் ஷூவைக் கழட்டச் சொன்னாங்களாம்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மெதுவாகச் சுருட்டினார்.

"எந்தக் கால்னு சொன்னாரா?"

"வலது கால்."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க டாக்டர். உங்ககிட்டதான்."

ரங்கதுரை கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். அவன் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. குளிர் நடுக்கம் என்று நினைத்து அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ரூமுக்குள்ளயே கிடந்தா இப்படித்தாம்மா. கொஞ்சம் காத்தாட நடந்தா சரியாயிடும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் டாக்டர்.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி எதிர்வீடே தெரியவில்லை.

அவள் ஸ்வெட்டரையும் ஷூக்களையும் எடுத்துவந்தாள். டாக்டர் குனிந்து இடது ஷூவை ரங்கதுரைக்கு மாட்டி, லேஸை நிதானமாக முடிந்தார். மற்றதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார்.