ஆமென் சொன்ன பிறகு

“ஒரு தேங்காகூட மலையாளம் படிச்ச பிள்ளைக்குப் போவப்பிடாது!”

ரத்னபாய் இதைச் சொல்வது மூன்றாம் முறை. குளத்தூர் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து சபைக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. போதகர் கை காட்டியும் அவள் உட்காரவில்லை. நாலாம் முறையும் சொன்னாள்.

“ஒரு தேங்காகூட மலையாளம் படிச்ச பிள்ளைக்குப் போவப்பிடாது! போன ஆகஸ்டில மலையாளத்துப் போலீசுகாரனுவ நம்ம ஆளுவளச் சுட்டுக் கொன்னானுவளே, அதுக்குள்ள மறந்து போச்சா?”

“அக்கா பறயுதது சரியாக்கும்!” பின் வரிசையில் பொன்னுதாஸ் துள்ளினான். மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போய், தலையில் தையலோடு திரும்பியவன்.

சண்டை ஒரு தென்னந்தோப்பைப் பற்றி. ரத்னபாயின் நாத்தனார் புஷ்பபாய் மராமத்து இலாகாவில் இஞ்சினீயர். இந்தப் பக்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய தோப்பைச் சபைக்கு எழுதிவைக்க முன்வந்திருந்தாள். இனி வருஷாவருஷம் விளைச்சல், காலேஜ் படிக்கும் பிள்ளைகளுக்கு. அவள் காலத்துக்குப் பிறகு தோப்பே அவர்களுக்கு.

“இந்த வயசில உயிலு, ஒசியத்துன்னு எழுதுகாளே, தலைக்குச் சொகமில்லியா?” என்று காலையிலேயே புருஷன் யோசுவாவிடம் பொரிந்து தள்ளியிருந்தாள் ரத்னபாய்.

“பாலம் கெட்டுகவளாக்கும். வெள்ளம் வாறதுக்கு முந்தியே கணக்குப் போடுவா” என்றான் யோசுவா.

“நல்லாப் போட்டா கணக்கு! கல்யாணமா, குட்டியா, என்ன உண்டு அவளுக்கு? அந்தத் தோப்பு நம்ம விமலாவுக்கு வரவேண்டியதாக்கும்!”

மகள் விமலகுமாரிக்கு இஞ்சினீயரிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டத்தான் வழியில்லை. புஷ்பபாய் பணத்தோடு வீடு தேடி வந்தபோது, அதை அவள் மடியிலேயே திருப்பிப் போட்டுவிட்டாள் ரத்னபாய். “பிச்சை வேண்டாம். தாறதானா உரிமையாத் தா!”

இப்போது சபையில் ரத்னபாய் போட்ட கணக்கும் சின்னதுதான். புஷ்பபாயோடு வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் மலையாளிகள். இப்படி ஒரு நிபந்தனைக்கு அவள் தலையாட்டமாட்டாள். ரோஷத்தில் ‘தோப்பே தரவில்லை’ என்பாள். தராத தோப்பு எங்கே போகும்? அண்ணன் வீட்டுக்கு!

புஷ்பபாய் எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“மயினி, ஒரு நிமிஷம் வெளியே வாங்கோ. ஒண்ணு பறயணும்.”

“ரகசியம் பேச எனக்குத் தெரியாது. சபை முன்னால பறை.”

“இங்க வேண்டாம் மயினி. உங்களுக்குத்தான் கொறச்சலு.”

“எனக்கென்னட்டி கொறச்சலு? மலையாளத்தானுக்கு வக்காலத்து வாங்குகது நானா, நீயா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புஷ்பபாய் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

போதகர் சத்தியதாஸ் செருமினார். “புஷ்பபாய் அம்மா, இந்த நிபந்தனை உங்களுக்குச் சம்மதமா? இல்லேன்னா தோப்பை நீங்களே வச்சுக்கிடலாம்.”

ரத்னபாய் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“தாறேன்னு சொன்னதை மாத்தமாட்டேன் ஐயா. மத்த பிள்ளியளாவது படிக்கட்டும்.”

ரத்னபாய் தொப்பென்று உட்கார்ந்தாள். போச்சு, தோப்பு போயே போச்சு!

கைகள் உயர்ந்தன. நிபந்தனை சொன்னவளே கையைத் தூக்காமல் இருக்க முடியுமா? தூக்கினாள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கை தூக்கி, போதகர் ஜெபித்து, எல்லாரும் ‘ஆமென்’ சொல்லிவிட்டால் முடிந்தது. கர்த்தர் முன்னால் முடிவானதை மறுபடி கிளறக் கூடாது.

“ஆமென்!” என்றது சபை.

“சரி, இந்த வருஷத்துக்குப் பிள்ளை யாருன்னு பாக்கணும்” என்றார் போதகர். “புஷ்பபாய் அம்மா ஒரு பிள்ளையைச் சொல்லியிருந்தாங்க. ‘நான் தந்தா அவங்க வீட்டில வாங்கமாட்டாங்க ஐயா, சபை தந்தா மறுக்கமாட்டாங்க. தோப்பைச் சபைக்குத் தாறதே அதுக்காகத்தான்’னாங்க. இனி அது நடக்காது. விமலகுமாரி நெய்யாற்றின்கரையில மலையாளப் பள்ளிக்கூடத்தில அல்லவா படிச்சது?”

ரத்னபாய் யோசுவாவைத் திரும்பிப் பார்த்தாள்.

‘தமிழ் படிச்சா சர்க்கார் உத்தியோகம் கிட்டாது’ என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் அவளேதான். வேண்டாம் என்ற யோசுவாவை வாயடைத்ததும் அவளேதான்.

யோசுவா அவளைப் பார்க்கவில்லை. புஷ்பபாய் குனிந்த தலை நிமிரவில்லை.

“ஐயா…” ரத்னபாய் எழுந்தாள். “வீட்டில பிள்ளை பேசுகது தமிழாக்கும். ராத்திரி ஜெபம்கூடத் தமிழிலதான். அவளுக்கு மட்டும்… ஒருக்கா இன்னும் கைதூக்கச் சொல்லப்பிடாதா?”

போதகர் வேதப்புத்தகத்தை மூடினார்.

அவள் பின் வரிசைக்குத் திரும்பினாள்.

“பொன்னுதாசு… மக்கா, நீ பறஞ்சா எல்லாரும் கேப்பாவ. எனக்க பிள்ளைக்காக ஒரு வார்த்தை பறயேன்?”

பொன்னுதாஸ் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.