திறந்ததும் மூடிக்கொண்ட செட்டிங்ஸ்

"அந்தப் புள்ள என் கம்ப்யூட்டர்ல கைய வச்சிருக்கு சார். நிச்சயமாச் சொல்றேன்."

தலைமையாசிரியர் மரியசெல்வம் பேனாவை மூடினார். "யாரு, சிவரஞ்சனியா? அது வந்து நாலு மாசந்தான ஆவுது குணசேகரன்?"

"அந்த நாலு மாசமாத்தான் சார் பாக்குறேன்."

அரிமளம் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் குணசேகரன் முப்பத்தோரு வருஷமாக கிளார்க். சிவரஞ்சனி புதிதாக வந்த ஜூனியர். இன்னும் ப்ரொபேஷன்கூட முடியவில்லை.

தினமும் அவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே வந்துவிடுவாள். வந்தவள் தன் இடத்தில் உட்கார்ந்தால் பரவாயில்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நகர்ந்துகொள்வாள்.

ஒருநாள் கேட்டேவிட்டார். "இங்கிட்டு என்னம்மா வேலை ஒனக்கு?"

"தூசி தொடச்சேன் சார்."

கையில் துணியே இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு மனசு நிலைகொள்ளவில்லை. என் வேலையில் எங்கே தப்பு இருக்கிறதென்று துழாவுகிறாள், அதை வைத்து ரிட்டயர்மெண்டுக்கு முன்னாலேயே என்னைக் கிளப்பப் பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்.

இப்போது மூன்று நாளாகப் புதுத் தொல்லை. செட்டிங்ஸைத் திறந்தால் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. அது திறந்தால்தான் புது பிரிண்டரைச் சேர்க்க முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அச்சாகி, சாயங்காலத்துக்குள் புதுக்கோட்டைக்குப் போயாக வேண்டும்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற ஆளைக் கூப்பிட்டிருக்கேன். வரட்டும், பாப்போம்" என்றார் தலைமையாசிரியர்.

பதினோரு மணிக்குத் தமிழ்செல்வன் வந்தான்.

"ரீஸ்டார்ட் பண்ணியாச்சு தம்பி. அப்டேட்டும் போட்டாச்சு. அதே கதைதான்" என்றார் குணசேகரன்.

"இந்தக் கம்ப்யூட்டர் ஓடுற லினக்ஸ்ல ஒரு வசதி இருக்கு சார். கருப்புத் திரையில செட்டிங்ஸ் பேரை அடிச்சுத் திறந்தம்னா, எதனால செத்துப்போவுதுன்னு அதுவே எழுதிக் காட்டும்."

அடித்தான். செட்டிங்ஸ் எட்டிப் பார்த்து மறைந்தது. கருப்புத் திரையில் நாலைந்து வரிகள் ஓடின. குனிந்து படித்தான்.

"அட, இம்புட்டுத்தானா. செட்டிங்ஸுக்குள்ள நெறையப் பக்கம் இருக்கும் சார். கடைசியா எந்தப் பக்கத்தப் பாத்தமோ, அடுத்த தடவையும் அதுலதான் போய் நிக்கும். அந்த ஒரு பக்கம் கெட்டுக் கெடக்கு. அதான் திறக்கத் திறக்க மூடிக்கிருது. வேற பக்கத்துக்கு மாத்தி விட்டுட்டா சரியாயிரும்."

"இந்தப் பிரிண்டர் வர்றதுக்கு முன்னாடி நான் செட்டிங்ஸ் பக்கமே போனதில்லையே. அது எந்தப் பக்கம்?"

தமிழ்செல்வன் வாயைத் திறப்பதற்குள், சிவரஞ்சனி ஒரு ரெஜிஸ்டரை வைக்க வருவதுபோல மேஜைக்கு வந்தாள். "அண்ணே, சரி பண்ணி மட்டும் விட்டுருங்க. எந்தப் பக்கம்னு சொல்ல வேணாம்" என்றாள், உதடு அசையாமல்.

குணசேகரன் காதில் அது விழுந்தது. இதற்காகத்தானே காத்திருந்தார். நேராகப் போய்த் தலைமையாசிரியரைக் கையோடு அழைத்து வந்தார்.

"இப்பச் சொல்லு தம்பி. எல்லார் முன்னாடியும் சொல்லு."

தமிழ்செல்வன் சிவரஞ்சனியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"எழுத்தப் பெருசாக்குற பக்கம் சார். இப்ப ஒண்ணரை மடங்கு வச்சிருக்காங்க. வேற எதையும் தொடல."

"எழுத்தயா?" தலைமையாசிரியருக்குப் புரியவில்லை.

குணசேகரனுக்குப் புரிந்தது. போன வருஷம் திரையில் எறும்பு ஊர்வதுபோல இருந்த எழுத்தெல்லாம், இப்போது கொஞ்ச நாளாகத்தான் தெளிந்து வந்தது. வாரம் தவறாமல் சாப்பிடும் பொன்னாங்கண்ணிக் கீரை வேலை செய்கிறது என்று பெஞ்சாதியிடம் பெருமையடித்திருந்தார். ஒரே நாளில் பெரிதாக்கியிருந்தால் கண்டுபிடித்திருப்பார். ஒவ்வொரு காலையும் துளித் துளியாக ஏற்றியிருக்கிறாள்.

அவள் சேர்ந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது. "நீ தப்பில்லாமப் படிக்கிறியான்னு பாப்பம்" என்று சொல்லி, பிள்ளைகள் பெயரையெல்லாம் அவளையே வாசிக்கச் சொன்னார். பரீட்சை வைப்பதாக அவள் நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்.

"எதுக்கும்மா அவரு கம்ப்யூட்டர்ல போயி எழுத்த மாத்துன?" என்றார் தலைமையாசிரியர்.

சிவரஞ்சனி நிமிர்ந்தாள். "எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல் சார். காலையில இதுல உக்காந்து பழகுவேன். எழுத்து தெரியல, அதான்."

தலைமையாசிரியர் முகம் மாறிவிட்டது. "சேரும்போது பார்வை நல்லா இருக்குன்னுதான சர்டிபிகேட் குடுத்த? ஒரு புள்ள பேரு தப்பாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ப்ரொபேஷன்ல இருக்கிற ஆளு, இதை நான் மேல எழுதியாகணும், தெரியுமா?"

"தெரியும் சார்."

அவ்வளவுதான் சொன்னாள். குணசேகரன் இருந்த பக்கம் திரும்பவேயில்லை.

செட்டிங்ஸ் திறந்தது, பிரிண்டரும் சேர்ந்துவிட்டது. தமிழ்செல்வன் பையை மூடினான். தலைமையாசிரியர் வாசல்வரை போய்விட்டார்.

"சார், நில்லுங்க" என்றார் குணசேகரன். "அந்தப் புள்ள கண்ணுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஒரு வருஷமாத் தெரியல. அது ஒருத்தருக்கும் தெரியாதுன்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."